எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: இரண்டாம் ஆண்டிலிருந்து எடை திரும்பாமல் பார்த்துக்கொள்வது எப்படி

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முதல் வருடத்தில் அறிவுரை அதிகம் தேவைப்படாது. பசி இருக்காது, மாதாமாதம் எடை இறங்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னங்க, ஆளே பாதியா ஆயிட்டீங்க" என்பார்கள். ஒன்றரை வருடம் தாண்டியதும்தான் கேள்விகள் வரும். "இப்போ மறுபடியும் பசிக்குது, ரெண்டு கிலோ ஏறிடுச்சு, அவ்வளவு செலவு பண்ணினது வீணா?" நானும் ஸ்லீவ் என்ற, இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் ஆபரேஷன் செய்துகொண்டவன்தான், அந்தப் பயம் எனக்குத் தெரியும். வீணில்லை. ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த பத்து வருடம் அமையும், அதனால் அதைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா, எங்கே செய்வது, எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் இதில் வராது.

முதலில்: எவ்வளவு திரும்பினால் இயல்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

சுவீடனில் 1987-ல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். என்ற பெரிய ஆய்வில், பைபாஸ் (இதயத்துக்கு அல்ல, எடை குறைக்க இரைப்பைக்குச் செய்வது) செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் பார்த்தபோது அது 25 சதவீதமாக இருந்தது. 120 கிலோ இருந்த ஒருவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 82 கிலோ வரை இறங்கி, பிறகு 90-ல் வந்து நிற்கிறார். எட்டு கிலோ ஏறியிருக்கிறது, ஆனாலும் முப்பது கிலோ போனது போனதுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், குறட்டை, முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் அந்த முப்பது கிலோ மிகப் பெரிய விஷயம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் யூட்டாவில் பைபாஸ் செய்தவர்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017-ல் வெளியிட்ட கணக்கு. இரண்டாம் ஆண்டில் சராசரியாக 45 கிலோ குறைந்திருந்தார்கள். ஆறாம் ஆண்டில் 36 கிலோ. பன்னிரண்டாம் ஆண்டில் 35 கிலோ. திரும்பி ஏறியது பெரும்பாலும் இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில்தான், அதற்குப் பிறகு கிட்டத்தட்ட அப்படியே நின்றுவிட்டது. அதாவது நீங்கள் சாகும்வரை ஒரே தீவிரத்தோடு போராட வேண்டியதில்லை, அந்த நாலு வருடத்தை விழிப்பாகக் கடக்க வேண்டும். முதல் வருடம் ஆபரேஷனே வேலை செய்துவிடும்.

ஏன் அப்போது ஏறுகிறது? ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனை அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. பைபாஸில் இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலின் பாதையையே மாற்றி விடுகிறார்கள். இரண்டிலும் முதல் மாதங்களில் பசி அடங்கி, வயிறு சீக்கிரம் நிறைகிறது. போகப்போக உடம்பு பழகிக்கொள்கிறது, ஒரு வேளைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட முடிகிறது, உடம்பு சிறியதாகிவிட்டதால் சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியும் குறைந்துபோகிறது. இதில் உங்கள் மன உறுதிக்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. எடை ஏறியதற்காக வெட்கப்பட்டு மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

இரண்டு: அடிமட்ட எடையைக் குறித்து வையுங்கள்

ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் தொட்ட மிகக் குறைந்த எடை எதுவோ, அதை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இனி எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் உப்பு, தண்ணீர், மாதவிடாய் என்று ஒரு கிலோ அங்கேயும் இங்கேயும் ஆடி, தேவையில்லாமல் கலங்கிப்போவீர்கள்.

அடிமட்டத்திலிருந்து மூன்று கிலோ ஏறி, அது ஒரு மாதமாகியும் இறங்கவில்லை என்றால் உணவு நோட்டை எடுக்க வேண்டிய நேரம். ஐந்து கிலோ என்றால் டயட்டீஷியனிடம் போய்விட வேண்டும். பத்து கிலோ வரை யாரும் காத்திருக்காதீர்கள். இந்த எல்லைகள் என் அனுபவத்தில் வைத்தவை, உங்கள் மருத்துவர் வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏதாவது ஒரு எண் கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்று: தட்டில் புரதம் முதலில், சாதம் கடைசியில்

இதுதான் எல்லாவற்றிலும் கனமான படி, நம் சாப்பாட்டு வழக்கத்துக்கு நேர் எதிரானதும் இதுதான். நாம் சாதத்தை மையமாக வைத்து அதைச் சுற்றிக் குழம்பு, பொரியல் வைக்கிற ஆட்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் இருக்கும் இடம் கொஞ்சம். அதில் முதல் நாலு வாய் சாம்பார் சாதமாகப் போனால், தட்டோரம் இருக்கும் முட்டைக்கும் மீனுக்கும் இடம் இருக்காது. இரண்டு மணி நேரத்தில் பசி வந்துவிடும். புரதம் குறைந்தால் தசையும் கரையும், தசை கரைந்தால் உடம்பு எரிக்கும் கலோரி இன்னும் இறங்கும்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு நாளொன்றுக்குப் பொதுவாக 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்பார்கள். கேட்பதற்குச் சின்ன எண், நம் சமையலில் அதை எட்டுவது லேசில்லை. ஒரு இட்லியில் இரண்டு கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது, முட்டையில் ஆறு. நூறு கிராம் பன்னீரில் சுமார் 18, சமைத்த மீனிலோ கோழியிலோ நூறு கிராமுக்கு 20-க்கு மேல், வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் எட்டு ஒன்பது, பால் ஒரு டம்ளர் 200 மில்லி என்றால் ஆறு, ஏழு. இதை மனசில் வைத்து ஒரு நாளைப் பிரித்துப் பாருங்கள்: காலையில் இரண்டு முட்டையும் ஒரு இட்லியும் கெட்டி சாம்பாரும். பதினோரு மணிக்குச் சர்க்கரை போடாத பால். மதியம் நூறு கிராம் மீன் அல்லது கோழி, அதை முடித்த பிறகு காய், அதற்கும் பிறகு இடம் இருந்தால் இரண்டு மூன்று ஸ்பூன் சாதம். சாயங்காலம் அரை கப் சுண்டல். இரவு பன்னீர் பொரித்ததல்ல, வெங்காயம் தக்காளி போட்டு உதிர்த்துக் கிளறியது. இப்படிப் போனால் 65-ஐத் தாண்டிவிடலாம்.

சைவம் என்றால் கொஞ்சம் திட்டம் போட்டுத்தான் ஆகவேண்டும். பருப்பு மட்டும் நம்பினால் போதாது, ஏனென்றால் நம் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். உலர்ந்த மீல் மேக்கர் முப்பது கிராமில் பதினைந்து கிராம் புரதம் இருக்கிறது, விலையும் குறைவு, ஊறவைத்துப் பிழிந்து உதிர்த்துப் பொரியல் செய்தால் சாப்பிடவும் லேசு. முளைகட்டிய பயறு, கெட்டித் தயிர், பன்னீர், அடை (அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி) எல்லாம் சேரட்டும். அப்படியும் வரவில்லை என்றால் டயட்டீஷியனிடம் கேட்டு வே புரோட்டீன் ஒரு ஸ்கூப் எடுப்பதில் தவறில்லை. கடையில் பார்த்ததை எல்லாம் வாங்காதீர்கள், சிலவற்றில் சர்க்கரை நிறைய இருக்கும், பின்பக்க லேபிளைப் படியுங்கள்.

சாப்பிடும் வேகமும் இதோடு சேர்ந்தது. இருபதிலிருந்து முப்பது நிமிடம், நன்றாக மென்று, டிவியும் போனும் இல்லாமல். வயிறு நிறைந்த உணர்வு வந்ததும் மீதி ஒரு வாய்தானே என்று போடாதீர்கள். வீட்டில் சின்னத் தட்டு ஒன்றை உங்களுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு: சாப்பாடு வேறு நேரம், தண்ணீர் வேறு நேரம்

சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரை மணி நேரம் வரையிலும் எதுவும் குடிக்காமல் இருக்கச் சொல்வார்கள். திரவம் சேர்ந்தால் சாப்பிட்டது சீக்கிரம் இறங்கிவிடும், நிறைவு நிற்காது, இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். முதல் ஆறு மாதம் இதை எல்லோரும் பிடிப்பார்கள். இரண்டாம் வருடத்தில் ரசமும் மோரும் மெதுவாகத் தட்டுக்குத் திரும்பி வந்துவிடும், கவனியுங்கள். மோர் நல்லதுதான், நடுவில் தனியாகக் குடியுங்கள்.

அப்புறம் காபி. நூறு மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு பில்டர் காபி ஏறக்குறைய நூறு கலோரி. வீட்டில் இரண்டு, ஆபீசில் இரண்டு என்றால் நானூறு கலோரி எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போகிறது, வயிறு ஒரு சொட்டுகூட எதிர்ப்பு காட்டாது. ஜூஸ், ரோஸ் மில்க், பன்னீர் சோடா, ஹெல்த் டிரிங்க் பவுடர் எல்லாம் இதே வகை. காபியை விடச் சொல்லவில்லை. சர்க்கரையை முழுசாக விட்டு, எண்ணிக்கையை இரண்டோடு நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் சிறுகச் சிறுகக் குடியுங்கள், தாகத்தைப் பசி என்று நினைத்துவிடுவது ரொம்பச் சாதாரணம்.

பைபாஸ் செய்தவர்கள் இனிப்பைக் குடித்தாலோ சாப்பிட்டாலோ பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி, பேதி வரலாம். டம்பிங் என்பார்கள். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கமாக வரும். அந்தத் தாழ்சர்க்கரைக்கு மிட்டாய் சாப்பிட்டு, அது மறுபடி இறங்கி, மறுபடி சாப்பிட்டு என்று ஒரு சுழலில் மாட்டினால் எடை ஏறும். இது இருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

ஐந்து: கொறிப்பதை நிறுத்துவது

எடை ஏறியவர்களிடம் "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டால் மூன்று வேளைச் சாப்பாட்டை மட்டும் சொல்வார்கள். அது சுத்தமாக இருக்கும், அளவும் கொஞ்சம்தான். சொல்லாமல் விட்டுப்போவது நடுவில் இருப்பதெல்லாம்: சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்த அரை தோசை, டீயோடு இரண்டு பிஸ்கட், டிவி பார்க்கும்போது ஒரு பிடி மிக்சர். பொய் சொல்வதில்லை, அதையெல்லாம் சாப்பாடு என்ற கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் மிக்சர், முறுக்கு, சிப்ஸ் எல்லாம் நூறு கிராமுக்கு ஐந்நூறு கலோரி அளவில் இருப்பவை. வாயிலேயே கரைந்துவிடுவதால் கோழித்துண்டு போல வயிற்றை அடைப்பதும் இல்லை. சின்ன வயிறு ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிடுவதைத் தடுக்கும், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதை அதனால் தடுக்கவே முடியாது. ஆபரேஷனை முறியடிக்கும் வழி இது ஒன்றுதான் பெரும்பாலானவர்களுக்கு.

அதனால், சாப்பாட்டுக்கு நேரம் வையுங்கள். மூன்று வேளை, நடுவில் ஒன்றோ இரண்டோ திட்டமிட்ட சிறு உணவு, அவ்வளவுதான். அந்தச் சிறு உணவும் சுண்டல், முட்டை, கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை என்று மெல்ல வேண்டியதாக இருக்கட்டும். மிக்சர் டப்பா வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்றால் உங்கள் கண்ணில் படாத அலமாரியில் இருக்கட்டும். ஏறத் தொடங்கிய மாதத்தில் ஒரு வாரம் மட்டும் வாயில் போட்ட எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்கும் இது ஒத்துவரும், டயட்டீஷியனிடம் காட்டவும் வசதி.

ஆறு: கல்யாணம், தீபாவளி, உறவுக்காரர்கள்

பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் கேட்காமலே வைப்பார். கையை இலைமேல் மறைத்து "போதும்" என்று சொல்லப் பழகுங்கள், அவர் நகர்ந்துவிடுவார். வீட்டிலிருந்து ஒரு முட்டையோ தயிரோ சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. பாயசம் வேண்டும் என்றால் இரண்டு ஸ்பூன், சாதம் வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், அங்கே போய் யோசித்தால் நடக்காது.

கஷ்டம் அன்போடு வருகிறவர்களிடம்தான். "இவ்வளவுதான் சாப்பிடறியா, உடம்பு என்னத்துக்கு ஆகும், முகமெல்லாம் ஒட்டிப்போச்சு" என்று அத்தையோ பெரியம்மாவோ சொன்னால் விளக்கம் கொடுத்து ஜெயிக்க முடியாது. "டாக்டர் இதுக்கு மேல சாப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு அத்தை, அடுத்த வாரம் டெஸ்ட் இருக்கு" என்றால் விட்டுவிடுவார்கள். வீட்டில் சமைக்கிறவர், அம்மாவோ மனைவியோ கணவரோ, அவரை ஒரு தடவையாவது டயட்டீஷியனிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சமையலறையில் இருப்பவருக்குப் புரியாமல் எந்தத் திட்டமும் ஆறு மாதம்கூட நிற்காது.

ஏழு: நடை போதாது, தசைக்கும் வேலை வேண்டும்

நடப்பது நல்லது. குறைந்த எடையை நிறுத்தி வைக்க வாரத்துக்கு 200 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது பொதுவான பரிந்துரை, தினமும் நாற்பது நிமிட வேக நடை போட்டாலே அதற்குள் வந்துவிடலாம். ஆனால் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போயிருக்கிறது, அதை நடையால் மட்டும் மீட்க முடியாது. வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலோ டம்பெல்லோ தூக்குவது, ரப்பர் பேண்டு இழுப்பது என்று தொடங்குங்கள். முழங்கால் பிரச்சினை இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுச் செய்யுங்கள். ஜிம்முக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது, பெண்கள் எடை தூக்கினால் உடம்பு முரடாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எட்டு: மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும்

எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரும்பும் பி12-ம் குறைந்தால் படி ஏறவே மூச்சு வாங்கும், நடைப்பயிற்சி முதலில் நிற்கும், பிறகு எல்லாம் நிற்கும். பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கான) மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம், இரும்பு இவற்றை நன்றாக இருக்கிறோம் என்று நிறுத்திவிடாதீர்கள். கால்சியம் நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை, பிரித்துப் பிரித்து எடுக்கச் சொல்வார்கள், சிட்ரேட் வகை நன்றாகச் சேரும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போட்டால் பயன் குறையும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் இந்த இரண்டுக்கும் நாலு மணி நேரம் விடுங்கள். உங்களுக்கான அளவை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறையாவது ஹீமோகுளோபின், பெரிட்டின், பி12, போலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின், சர்க்கரை எல்லாம் பாருங்கள். நாள் கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். வைட்டமின் பி1 குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும், அது அவசரம். பைபாஸ் செய்தவர்கள் மெடிக்கலில் கேட்டு டைக்ளோபெனாக், இபுப்ரோபென் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடக்கூடாது, இரைப்பையையும் குடலையும் இணைத்த இடத்தில் புண் வரும். சிகரெட்டும் அதே புண்ணைக் கொண்டுவரும்.

ஒன்பது: மனசு, தூக்கம், மது

முன்பு கவலை வந்தால் சாப்பிட்டவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் கவலை வரத்தான் செய்யும், அதைத் தணித்த சாப்பாடு மட்டும் கையில் இருக்காது. இந்த இடத்தில் சிலர் இனிப்புக்குத் திரும்புகிறார்கள், சிலர் மதுவுக்குப் போகிறார்கள். பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறும், முன்பு இரண்டு பெக்கில் வந்த போதை ஒன்றிலேயே வரும், அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஆபரேஷனுக்குப் பின் இரண்டாம் ஆண்டில் மதுப் பிரச்சினை அதிகரித்தது பதிவாகியிருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், முழுவதுமாக விட்டுவிடுங்கள். மன அழுத்தம் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். சில மன அழுத்த மாத்திரைகள் எடையைக் கூட்டும், அதனால் ஆபரேஷன் செய்திருப்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பார். தூக்கம் ஏழு மணி நேரம் இல்லாவிட்டால் மறுநாள் பசி கூடும், இதைச் செய்து பார்த்தாலே தெரியும்.

பத்து: ஏறியே விட்டது என்றால்

பட்டினி கிடக்காதீர்கள், "வயிற்றைச் சுருக்கும்" ஐந்து நாள் திரவ டயட் என்று சுற்றுவதை நம்பி இறங்காதீர்கள். ஒரு வாரம் படத்தோடு உணவுக் குறிப்பு, மேலே சொன்ன புரதமும் தண்ணீர் இடைவெளியும் கொறிப்பதும் எங்கே நழுவியிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வது, இதற்கு ஒரு மாதம் கொடுங்கள். இறங்கவில்லை என்றால் உங்கள் சர்ஜனிடம் போங்கள். வேறு ஊருக்கு வந்துவிட்டீர்கள், அவர் திட்டுவார் என்று பயம், எதுவானாலும் சரி, எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்கிற இன்னொரு மருத்துவரிடமாவது போங்கள்.

அவர் தைராய்டு பார்ப்பார், எடை கூட்டும் மருந்து ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பார். இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மருந்துகள், ஸ்டீராய்டு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். எண்டோஸ்கோப்பியோ எக்ஸ்ரேயோ எடுத்து இரைப்பை விரிந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். இப்போது மருந்து வழியும் இருக்கிறது. பிரிட்டனில் நடந்து 2023-ல் வெளியான ஒரு ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகும் போதுமான அளவு எடை குறையாதவர்களுக்கு லிராகுளுடைட் ஊசி கொடுத்ததில் 24 வாரத்தில் சராசரியாக 9 சதவீதத்துக்குப் பக்கத்தில் எடை குறைந்தது. இந்தியாவிலும் 2025-ல் மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி என்ற எடைக் குறைப்பு ஊசிகள் வந்துவிட்டன. நண்பர் போடுகிறார் என்று நீங்களாக வாங்கிப் போடக்கூடாதவை இவை, ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுகிற உடம்பில் புரதமும் வைட்டமினும் இன்னும் இறங்கிவிடும், மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். மறு ஆபரேஷன், உதாரணமாக ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது, கடைசியில் யோசிக்க வேண்டியது. கடுமையான நெஞ்செரிச்சலும் சேர்ந்து இருந்தால் அதைச் சீக்கிரமே பேசலாம், ஏனென்றால் ஸ்லீவுக்குப் பிறகு வரும் அமில எதுக்களிப்புக்கும் பைபாஸ் தீர்வாகலாம்.

போகும்போது கையில் என்ன எடுத்துப்போக வேண்டும் என்று பலருக்குத் தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, அதில் எந்த ஆபரேஷன் என்று தெளிவாக இருக்கும். ஆபரேஷனுக்கு முந்தைய எடை, அடிமட்ட எடை, இன்றைய எடை மூன்றும் தேதியோடு. கடைசி ரத்தப் பரிசோதனை, போடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டைகள், ஒரு வார உணவுப் படங்கள். இவ்வளவும் இருந்தால் முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும், இல்லாவிட்டால் அதையெல்லாம் தேடவே இன்னொரு மாதம் போகும்.